பாடாமல் விட்ட பெயர்

கித்தார் சத்தம் கேட்டால் உங்களில் யாருக்காவது கை சில்லிடுமா? எனக்குச் சில்லிடும். பேரன் போன வருஷம் அடம்பிடித்து ஒரு கித்தார் வாங்கிக்கொண்டான். அவன் பாட்டுக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து ஏதோ காதல் பாட்டை அரைகுறையாகத் தடவிக்கொண்டிருப்பான். நான் வெங்காயம் உரித்த கையோடு எழுந்து போய் வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. சிரிக்கட்டும். என் வயதுக்காரர்கள், அதிலும் தூத்துக்குடிக் கடற்கரைத் தெருக்களில் வளர்ந்தவர்கள், சிரிக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற வழக்கம் உங்கள் தெருவில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திரேஸ்புரத்தில் கடலுக்கு முதுகு காட்டிக் கட்டிய ஓட்டு வீடு. அப்பா ஒரு சரக்குத் தோணியின் தண்டல். தோணிக்கும் அதில் போகிற ஆட்களுக்கும் அவர்தான் தலைவர். வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்குப் போவார்கள். திரும்பி வரும்போது வாசனை சோப்பு வரும், ரிப்பன் வரும், ஒரு தடவை சாவி கொடுத்தால் தத்தித் தத்திப் போகும் தகரத் தவளை வந்தது. எதிர்வீட்டுச் சித்தியின் புருஷனும் அதே தோணியில்தான் வேலை. சித்தி என்று கூப்பிடுவேனே தவிரச் சொந்தம் கிடையாது. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மத்தியானங்களில் அவள் என்னோடு பாண்டி ஆடுவாள், அதுவும் அழிச்சாட்டியம் பண்ணி ஆடுவாள்.

இனி கித்தார்க்காரர். அவர் பேரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் கித்தார்ப் பாட்டையா, பெரியவர்களுக்குக் கித்தார் மாமா. எழுபதைத் தாண்டிய ஆள். வாலிபத்தில் தோணிகளில் சமையல் வேலைக்குப் போனவராம். கொழும்பில் இறங்கி அலைந்தபோது அங்கே எவனோ ஒரு குடிகாரனிடமிருந்து கித்தாரும் பாட்டும் அவரிடம் ஒட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரைக்கும் கரையோர ஊர்கள் ஒன்றுவிடாமல் நடந்தே போவார். வருஷத்தில் ஒரு நாள் எங்கள் தெரு.

கித்தாரின் வயிற்றில் நீளமாக ஒரு வெடிப்பு. தோணிக்கு அடைக்கிற குங்கிலியத்தைக் காய்ச்சி ஊற்றி அதை அடைத்திருந்தார். ஆறு கம்பியில் ஒன்று எப்போதும் அறுந்தே இருக்கும், அந்த இடத்தில் தூண்டில் நரம்பைக் கட்டியிருப்பார். சங்கு அறுக்கும் பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு வில்லையைத் தேய்த்துத் தேய்த்து நகம்போல் ஆக்கி வைத்திருந்தார். கம்பிகளை அதால்தான் தட்டுவார். பக்கத்தில் போனால் குங்கிலியமும் சுருட்டும் கலந்து ஒரு வாடை அடிக்கும். இப்போதும் யாராவது சுருட்டைப் பற்றவைத்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

எட்டு வயது வரைக்கும் அவர் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். மண்ணில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, கித்தாரைப் பிள்ளையைத் தூக்கி வைப்பதுபோல் தொடையில் வைப்பார். வலை இழுக்கிற பாட்டு, ஏலக்காரனைக் கிண்டல் செய்கிற பாட்டு, துறைமுகத்துக் கிரேன் ஒரு கிழவியின் சேலையைத் தூக்கிக்கொண்டு போன பாட்டு என்று வரிசையாக அவிழ்த்து விடுவார்.

'சாளை மீனு கூடையில, சம்மாட்டி மக மேடையில,
வாளை மீனு வாங்க வந்த வாத்தியாருக்கு வழுக்குதடி!'

இதைப் பாடும்போது எங்கள் பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிற பக்கம் பார்த்துக் கண்ணடிப்பார். கூட்டம் உருண்டு சிரிக்கும். கரகரத்த தொண்டைதான், மேலே போகவேண்டிய இடத்தில் போகாது. அந்த இடத்தைக் கித்தாரிடம் விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுவார். அப்படி ஒரு மனிதர் வாசிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்பதே எனக்கு ஒரு பெருமைதான். பயம் வேறு, பெருமை வேறு.

ஆனால் அவர் வருவது கல்லறைத் திருநாளில். அதை மறந்துவிடக் கூடாது. காலையில் எல்லோரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பூப்போட்டு மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். கடலில் போனவனுக்குக் கல்லறை ஏது? அவன் வீட்டார் எங்கே போய்க் கொளுத்துவார்கள்? அவர்களுக்காகத்தான் சாயங்காலம் பாட்டையாவின் கடைசிப் பாட்டு. பேர்ப்பாட்டு என்போம். அந்த வருஷம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை வரிசையாகப் பாடுவார். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் மொத்தமும் 'கேட்டோம்' என்று சொல்ல வேண்டும். வீட்டாரும் சொல்ல வேண்டும். தெரு முழுக்கக் 'கேட்டோம்' சொல்லிவிட்டால் ஆள் செத்தது செத்ததுதான். அன்றிலிருந்து பெண்டாட்டி கறுப்புச் சேலை, அழுகை, அதன்பின் ஆகவேண்டிய வேலைகள்.

பெயரை வீட்டுக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும். வேறு யாரும் கொடுக்க முடியாது. அதற்கும் ஒரு முறை உண்டு. காலையில் அவர் தெருவில் நடந்து வருவார். பெயர் கொடுக்க விரும்பாத வீட்டில் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கொடுக்கிற வீட்டில், போனவர் குடித்த கோப்பையிலேயே அவருக்குக் காப்பி கொடுத்து, காதோடு ஒரே ஒரு தடவை பெயரைச் சொல்லுவார்கள். அவர் காகிதத்தில் எழுதமாட்டார், எல்லாம் மனசில்தான். குடித்து முடித்துக் கோப்பையை வாசற்படியில் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எனக்கு ஏழு வயது இருக்கும்போது வடக்குத் தெருவில் ஒரு வீட்டில் பெயர் கொடுத்திருந்தார்கள். பாட்டையா அதைப் பாடவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து அந்த ஆள் தாடியும் மீசையுமாக நடந்து வந்து சேர்ந்தான், மன்னார்ப் பக்கம் காய்ச்சலில் கிடந்தானாம். அத்தோடு எங்கள் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. கரை கரையாய் நடக்கிற மனுஷர், அவருக்குத் தெரியாத சேதி உண்டா? கொடுத்த பெயரை அவர் பாடவில்லை என்றால் ஆள் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்த வருஷம் சீசன் தொடங்கியதும் அப்பாவின் தோணி கிளம்பியது. கிளம்பிப் பத்து நாளில் புயல். ஓடு பறந்தது, முருங்கை மரம் குசினியின் மேல் சாய்ந்தது. புயல் நின்ற பிறகு மற்றத் தோணிகள் ஒவ்வொன்றாகக் கிழிந்த பாயோடு வந்தன. அப்பாவின் தோணி வரவில்லை. கொழும்பிலும் சேரவில்லை என்று தோணி ஆபீஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் பெரியவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் உள்ளே நுழைந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். யாரோ ஒரு அத்தை காரணமே இல்லாமல் என் கையில் பனங்கற்கண்டைத் திணிப்பாள். நல்லதுக்கா ஒரு பிள்ளைக்கு இத்தனை கற்கண்டு கிடைக்கும்?

கல்லறைத் திருநாள் காலையில் விழித்ததும் குசினியில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சுவரில் கொக்கியில் தொங்கும் அப்பாவின் இனாமல் கோப்பை அம்மாவின் கையில் இருந்தது. நீல விளிம்பு, அடியில் ஒரு ரூபாய் அளவுக்குப் பூச்சு உதிர்ந்த இடம். அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.  "அம்மா, எதுக்குக் கோப்பையக் கழுவுத?" என்றேன்.

"போய் முகத்தக் கழுவுளா" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவர் வந்தார். அம்மா வாசலில் நின்று கோப்பையை நீட்டினாள். அவர் ஊதி ஊதிக் குடித்தார், அப்பாவின் உதடு பட்ட இடத்தில் அவருடைய உதடு. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து அவர் காதில் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இந்த அம்மாவுக்குக் கல்நெஞ்சு என்று அன்றைக்கு நான் முடிவு செய்தேன். கோப்பை வாசற்படியில் கவிழ்ந்தது. எதிர்வீட்டில் சித்தி ஒரு கண்ணாடி டம்ளரோடு அழுதுகொண்டு நின்றாள்.

ஒரு ஒன்பது வயசுப் பிள்ளையின் மூளை எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பா கடலில் செத்தாரா இல்லையா என்பதே எனக்குக் கேள்வியாக இல்லை. சாயங்காலம்தான் அவர் சாகப் போகிறார். அந்தக் கிழவர் பாடினால் சாவார், பாடாவிட்டால் சாகமாட்டார். நடுவில் மத்தியானம் மட்டும் இருக்கிறது.

அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் ஓடினேன். மணல் சுட்டது. செருப்பு இல்லை. பாட்டையா வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கித்தாருக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆணியை முறுக்கும்போது கம்பி கிறீச்சிட்டது. என் பல் கூசியது.

"யாரு பிள்ள நீ?" என்றார்.

சொன்னேன். இன்ன தண்டலின் மகள் என்று. அவர் முகம் மாறியது.  அதைப் பார்த்ததும் மளமளவென்று சொல்லிவிட்டேன்.

"அம்மா சொல்லச் சொன்னாவ, பாட்டையா. அப்பா பேரு வேண்டாமாம். தந்தி வந்திருக்கு."

"தந்தியா? எங்கன இருந்து?"

"கொழும்புல இருந்து. ஆஸ்பத்திரில இருக்காவளாம்."

"சத்தியமாவா மக்ளே?"

"மாதா சத்தியமா."

 மாதாவின் பேரில் பொய்ச் சத்தியம் செய்தால் நரகம் என்று கன்னியாஸ்திரி அம்மா படம் போட்டே காட்டியிருந்தார்கள். அந்தக் கிழவர் என்னை நம்பினார். நம்பினது மட்டுமா, அந்தச் சுருக்கம் விழுந்த முகம் முழுக்கச் சிரித்தார். "நல்லது மக்ளே, நல்லது. ஒரு பேரு கொறஞ்சா எனக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா? போயி அம்மாகிட்ட சொல்லு, பாட்டையா பாடமாட்டேன்னாவன்னு" என்றார். கித்தாரில் ஒரு துள்ளல் மெட்டை ஒரு கணம் தட்டிக் காட்டினார். நான் ஓடி வந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்வதாவது!

சாயங்காலம் அம்மா அலமாரியிலிருந்து கறுப்புச் சேலையை எடுத்துக் கட்டிலில் தயாராக வைத்தாள். என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மணலுக்குப் போனாள். வழக்கமான பாட்டுகள் நடந்தன. வாத்தியாரைப் பார்த்துக் கண்ணடித்தார், கூட்டம் சிரித்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவர் என்னைப் பார்த்துவிடுவாரோ, எல்லோர் முன்னாலும் தந்தி என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவாரோ என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். போதாக்குறைக்கு ஊரே சிரித்த நேரத்தில் அவர் எங்கள் பக்கம் பார்த்து இலேசாகத் தலையசைத்தார். அம்மா அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குத் தலை குனிந்தாள். அது வாழ்த்து என்று எனக்கு மட்டும் தெரியும்.

விளக்கு வைப்பதற்கு முன்னால் பேர்ப்பாட்டை முடித்தாக வேண்டும் என்பது கணக்கு. சங்கு வில்லையைச் சட்டைப் பையில் போட்டார். கட்டைவிரலால் தடித்த கம்பியை மட்டும் தட்டத் தொடங்கினார். டும். சற்று விட்டு, டும். தோணி அலையில் ஆடி படகுத்துறையில் இடிக்குமே, அந்தச் சத்தம்.

'கரையில வச்ச சோறு ஆறிப் போச்சு,
கடலுக்குள்ள போனவரே, கேளும் உம்ம பேரு...'

இந்த வரி முடிந்ததும் உள்ளங்கையை விரித்துக் கம்பிகளை அமுக்குவார். சத்தம் சட்டென்று அறுந்துபோகும். அந்த அமைதியில் ஒரு பெயர். கூட்டம், 'கேட்டோம்.' மறுபடி டும், டும். மறுபடி கை. மறுபடி பெயர். எங்கேயோ ஒரு பெண் அலறுவாள்.

அம்மாவின் கை என் கையை நெரித்தது. ஈரமாக இருந்தது. அது என் வேர்வை என்றுதான் நினைத்தேன். நாலாவதாகச் சித்தியின் புருஷன் பெயர் வந்தது. 'கேட்டோம்' என்றது தெரு. சித்தி 'கேட்டோம்' சொல்ல வாயைத் திறந்து மண்ணில் விழுந்தாள். ஒரே தோணி ஆட்களைச் சேர்த்துத்தான் பாடுவார், ஆகவே அடுத்தது அப்பா. எல்லோருக்கும் அது தெரியும். தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. டும். கை கம்பியில் விழுந்தது. வாக்கு மாறிவிட்டார், பாடப் போகிறார் என்று நினைத்தேன். பாவாடை நனைந்தது. இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

பாட்டையா சிலுவை போட்டுக்கொண்டு கித்தாரைத் தோளில் மாட்டினார். அவ்வளவுதான். பாட்டு முடிந்துவிட்டது.

அம்மாவின் வாய் 'கேட்டோம்' சொல்லத் திறந்தபடியே இருந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பி, அது பெரிதாகி, யாரோ ஒருவர், "தண்டல் உசுரோட இருக்காருலே!" என்று கத்தினார். பேர்ப்பாட்டு முடிந்த பிறகு பாட்டையாவிடம் யாரும் பேசக் கூடாது. அவரும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த ஊருக்கு நடந்துவிடுவார். அது கட்டாயம். இல்லாவிட்டால் அம்மா ஓடிப்போய் அவர் காலைப் பிடித்துக் கேட்டிருப்பாள், என் கதையும் அங்கேயே முடிந்திருக்கும். அவர் முதுகில் கித்தார் ஆட ஆட ஈர மணலில் நடந்து போனார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் முன்னே பின்னே பார்த்ததில்லை. பார்க்கவே பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புச் சேலையைச் சுருட்டி எறிந்தாள். மஞ்சள் சேலை கட்டினாள். கவிழ்ந்து கிடந்த கோப்பையை எடுத்துக் கழுவி மறுபடி கொக்கியில் மாட்டினாள். மறுநாள் எதிர்வீட்டுச் சித்தி வந்தாள், கறுப்புச் சேலையில் சின்னப் பிள்ளைபோல் இருந்தாள். நான் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

"அக்கா, ஒரே தோணிலதான போனாவ. உங்க அவிய மட்டும் எப்படிக்கா பொழச்சாவ? எங்க அவிய பேரப் பாடிட்டாரே. மாத்திக் கீத்திப் பாடிருப்பாராக்கா?"

 இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கட்டிலுக்கு அடியில் இருந்து எனக்கு அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. சித்தி அதற்குப் பிறகு என்னோடு பாண்டி ஆடவில்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டதும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரத் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் கொட்டாவி விட்டது கேட்டது. "பொய் சொன்னேன் சாமி" என்றேன். "எத்தனை?" என்றார். "ஒண்ணு." "மூணு அருள்நிறை மந்திரம் சொல்லு, போ." என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவது என்று தொண்டை வரைக்கும் கொண்டு வந்திருந்தேன். ஒரு ஆளை உயிரோடு நிறுத்தி வைத்த பொய்க்கு மூன்று மந்திரம். பத்துப் பொய் சொல்லியிருந்தால் கொஞ்சம் விசாரித்திருப்பாரோ என்னவோ!

அடுத்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அவரைப் பார்ப்பாள், கேட்பாள், அவர் தந்திக் கதையைச் சொல்லுவார். அன்றைக்கு வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அம்மா விடிந்ததும் கிளம்பி, அவர் வருகிற வழியிலேயே போய் மறித்துப் பேசிவிட்டு வந்தாள். நான் போர்வைக்குள்ளிருந்து அவள் கால் சத்தத்தைக் கேட்டேன். குசினிக்குள் போனாள். அடுப்பு பற்றியது. என்னை அவள் அடிக்கவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மறந்திருப்பார், கிழவர்தானே என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் கூப்பிடும்போதெல்லாம், உப்பு எடுத்து வா என்று கூப்பிட்டால்கூட, இதோ கேட்கப் போகிறாள் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த அடிப்பு நின்றதே இல்லை. பாட்டையா அதற்குப் பிறகு இரண்டே வருஷம்தான் வந்தார். மூன்றாம் வருஷம் வரவில்லை. பேர்ப்பாட்டும் அதோடு போயிற்று.

சித்தி என்ன ஆனாள் தெரியுமா? ஏழெட்டு வருஷம் கழித்து, புருஷன் இறந்ததாகச் சாமியாரிடம் முறைப்படி எழுதி வாங்கி, மணப்பாட்டில் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளைகள். சதை போட்டு, சத்தமாகச் சிரித்துக்கொண்டு, திருவிழாவுக்குத் திருவிழா வருவாள். அம்மா மஞ்சள் சேலையோடு வாசலில் நின்றாள். ஓடு மாற்றச் சொன்னால் அவிய வரட்டும் என்பாள். நகருக்குள் நல்ல வீடு பார்த்தேன், வந்தால் எங்கே தேடுவாவ என்று வர மறுத்துவிட்டாள். என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடக் கூடாது என்று அச்சகத்துக்கே போய் நின்று பார்த்தாள். பேர்ப்பாட்டு ஆளைக் கொல்கிற பாட்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். சித்தியைப் பார்த்த பிறகுதான், அது இருப்பவர்களை அவிழ்த்து விடுகிற பாட்டு என்று புரிந்தது. அம்மாவைக் கட்டிப் போட்டது நான். அதுவும் புரிந்தது. புரியப் புரியச் சொல்லுகிற தைரியம் குறைந்துகொண்டே போனது. பல்லுப் போன வயதிலும் அம்மாவுக்குப் பயந்த மகள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மாவுக்கு எண்பத்தைந்து நடந்தபோது ஒரு நாள் இரண்டு பேரும் குசினியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஒரு பையன் கித்தாரைத் தட்டிக்கொண்டு பாடினான். என் கை நின்றுவிட்டது. அம்மா அதைக் கவனித்தாள். எனக்கு என்ன வந்ததோ, பொலபொலவென்று கொட்டிவிட்டேன். தந்தி, ஆஸ்பத்திரி, மாதா சத்தியம், எல்லாவற்றையும். அம்மா இறால் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ளா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மறுவருசமே கேட்டுட்டேன்லா. உன் மகதான் வந்து தந்தி வந்துச்சுன்னு சொன்னான்னாரு. பொய்யின்னதும் பாவம் அந்த மனுசனுக்கு ஆடிப் போச்சு. இந்த வருசம் பாடிருதேன் தாயின்னு கையப் பிடிச்சிட்டு அழுதாரு. நான் வேண்டாம்னுட்டேன்."

"ஏம்மா?"

 அம்மா தோலை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "ஒரு தடவ அவிய பேர அந்த மனுசன் காதுல சொன்னதே போதும். அன்னிக்குக் கோப்பையக் குடுத்துட்டு உள்ள வந்து நடுங்குனேன் பாரு! மறந்துரணும் மாதாவே, இவரு மறந்துரணும்னு. மணல்ல உக்காந்திருக்கும்போதும் அதே நடுக்கந்தான். பிறகு ஒரு வருசம் அவிய உசுரோட இருந்தாவ. திரும்ப என் வாயாலயே சாகச் சொல்லச் சொல்லுதியா?"

அந்த ஈரக் கை அவளுடையது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுகிட்டா இத்தன வருசம் பேசாம இருந்த? நான் செத்துச் செத்துப் பொழச்சேன் தெரியுமா? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லாம்மா!"

"நீ சொன்னியா?" என்றாள். அடுத்த இறாலை எடுத்துக்கொண்டு, "பயந்துகிட்டு இருந்தா இனிமே பொய் சொல்லமாட்டன்னு விட்டுட்டேன். பிறகு மறந்து போச்சு" என்றாள்.

மறந்து போச்சாம். ஐம்பது வருஷத்துக்கு மேல் நான் சுமந்தது அவளுக்கு மறந்து போச்சு. இறாலைக் கழுவிக் குழம்பு வைத்தாள், நல்ல ருசி. இரண்டு பேரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அப்பாவைப் பற்றி அவள் உண்மையில் என்ன நினைத்தாள், வருவார் என்று நம்பினாளா, இல்லை நம்புவதாக வைத்துக்கொண்டாளா என்று அப்போது கேட்டிருக்கலாம். கேட்கப் பயமாக இருந்தது. இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் சேலையிலேயே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது கல்லறைத் திருநாளுக்குக் கோவில் வாசலில் ஒரு மேசை போட்டு இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதி வாங்குகிறார்கள். பூசையில் வாசிப்பார்கள். போன வருஷம் நான் போனேன். மேசைக்குப் பின்னால் காலேஜ் படிக்கிற ஒரு பெண். 'அம்மா' என்று குறித்து அவள் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அவள் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா பேரையும் இதுலயே சேத்துருங்க பாட்டி, இடம் இருக்கு" என்று பேனாவைத் திரும்ப நீட்டினாள்.

வாங்கினேன். அப்பாவுக்கு இப்போது தொண்ணூற்றைந்து வயது. கணக்குப் போடத் தெரியாதவளா நான்? முதல் எழுத்தை எழுதக் குனிந்தேன். எனக்குப் பின்னால் நீளமாக வரிசை நின்றது. பேனாவை மேசையில் வைத்துவிட்டேன்.

"ஏன் பாட்டி, அவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"தெரியலம்மா" என்றேன். அப்பாவைப் பற்றி நான் யாரிடமாவது அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.